கவிழ்த்து வைத்த கிண்ணம்

ஜூன் 3

சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். "இனி உங்ககூட எனக்குப் பேச்சே கிடையாது" என்று எங்கள் சமையலறையில் நின்று சொல்லிவிட்டுப் போனது நீங்கள். பேத்தி பிறந்த சமயம் அது. நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து, மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்து, என் கண்ணெதிரிலேயே திரும்பக் கழுவினீர்கள். மூடியைக்கூட விடவில்லை. தொழிற்சாலைக் கேன்டீனில் ஆயுசு பூராவும் பிறத்தியாருக்குச் சமைத்துப் போட்டவள் நான். என் பாத்திரத்தில் வாடை என்று ஒரு வாய் சொன்னதில்லை. பேத்திக்கு இப்போது முன்பல்லே விழுந்துவிட்டது. எனக்கு அந்த மூடி இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பேச்சுதானே கிடையாது, எழுத்துக்குத் தடை இல்லையே. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் உங்கள் பெண். அவளுக்குச் சாப்பாட்டைப் படம் பிடிக்கிற பைத்தியம் பிடித்திருக்கிறது. கடைத்தெருவில் புதிதாக ஒரு பேக்கரி வரப்போகிறதாம், அவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கப் போகிறாளாம், அதற்குப் பழகுகிறாளாம். பழகட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் சாப்பாட்டு மேஜை போயே போய்விட்டது. ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றை நிறுத்தி, வெளிச்சம் திரும்பி விழ வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்திருக்கிறாள். நான் வறுத்த மீனுக்குப் பெயின்ட் பிரஷ்ஷால் எண்ணெய் தடவுகிறாள். சூப் ஆறின பிறகு, பஞ்சை நனைத்துச் சூடாக்கிக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்து ஆவி வரவழைக்கிறாள். சோறு தட்டில் தட்டையாகக் கிடந்தால் படத்துக்கு ஆகாதாம். சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சோற்றைப் போர்த்துகிறாள். பார்த்தால் மலை. உள்ளே ஒன்றும் கிடையாது.

படம் முடிகிறவரை யாரும் கை வைக்கக் கூடாது. என் மகன் பசியோடு வந்து நிற்பான், வாயைத் திறக்க மாட்டான். பேத்தி தினமும் கேட்கிறாள், "அம்மா, இது சாப்பாடா, படமா?"

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் சமையலை அவள் சாப்பிடுகிற லட்சணம்தான் பொறுக்கவில்லை. ஒரு வாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர். நடுவில் எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிச் சோம்பல் முறிக்கிறாள். பெரியவள் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாளே என்ற எண்ணம் வேண்டாமா? நான் சமைத்தது தொண்டையில் இறங்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லலாமே. பெண்ணுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்தது இதுதானா என்று கேட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

—

ஜூன் 9

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாத்திரத்தில் மீன் வாடை இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் மகளுக்கு மரியாதை தெரியும். தையல் மெஷினை மிதித்து மிதித்து அவளைப் படிக்க வைத்தேன். படம் எடுப்பதும் ஒரு தொழில்தான். கேன்டீனில் நீங்கள் வேலை பார்த்தபோது உங்கள் மாமியார் கடிதம் போட்டாரா?

இதை எழுதிவிட்டுத் தபாலில் போடலாம் என்றுதான் இருந்தேன். போட முடியவில்லை.

அவள் எடுக்கிற படங்களை எனக்கும் போனில் அனுப்புகிறாள். போன வாரம் ஒன்று வந்தது, ரொட்டிமேல் தேன் ஊற்றுகிற படம். ஊற்றுகிற கை அவளுடையது. ரொட்டியை எல்லாரும் பார்ப்பார்கள். நான் கையைப் பார்த்தேன். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்த கண் இது, அளவுதான் முதலில் தெரியும். அவள் கைக்கடிகாரம் கடைசி ஓட்டையில் மாட்டியிருக்கிறது. அப்படியும் மணிக்கட்டில் நிற்காமல் உள்ளங்கைப் பக்கம் சரிந்து கிடக்கிறது. அந்தக் கடிகாரம் நான் வாங்கிக் கொடுத்தது. வாங்கினபோது நடு ஓட்டையில் இறுகி இருந்தது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கோபப்படாமல் பதில் எழுதுங்கள். தண்ணீர் குடிப்பது தாகத்துக்குக் குடிக்கிற மாதிரியா, அல்லது எதையோ உள்ளே தள்ளுகிற மாதிரியா? கையைத் தூக்குவது சாப்பாட்டுக்கு முன்னாலா, வாயில் வைத்த பிறகா? படுக்கும்போது எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறாள்?

இப்படிக்கு,
சம்பந்தி

—

ஜூன் 15

சம்பந்தி அம்மாவுக்கு,

மீன் வாடை இல்லை. அன்றைக்கு நாங்கள் மீனே வாங்கவில்லை. கத்தரிக்காய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மருமகளை வேவு பார்க்கச் சொல்கிறீர்கள். மாமியாரைப் பெண்ணின் அம்மாவே வேவுக்கு அனுப்புகிற அதிசயம் நம் குடும்பத்தில்தான் நடக்கும். சரி, கேட்டதற்குச் சொல்கிறேன்.

வாயில் வைத்த பிறகுதான் கையைத் தூக்குகிறாள். மென்று முழுங்கி, கொஞ்சம் பொறுத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்திருக்கிறாள். தண்ணீர் மடக் மடக்கென்று போகிறது, முகத்தில் தாகம் இல்லை. தலையணை விஷயம் நீங்கள் கேட்டபிறகு போய்ப் பார்த்தேன். அவள் பக்கம் மட்டும் அடுக்கி வைத்திருக்கிறாள், கிட்டத்தட்ட உட்கார்ந்துதான் தூங்குகிறாள். விடிந்தால் தலையணை உறையை அவளே அலசிப் போடுகிறாள். இருமலும் இருக்கிறது. படுத்தால்தான் இருமல்.

நேராகவே கேட்டேன். "என்னம்மா, தொண்டையில ஏதாவது தொந்தரவா?"

"ஐயோ அத்தை, ஒண்ணுமில்ல. கேஸு. வெறும் கேஸு."

"கேஸுக்கு யாராவது இப்படி இளைப்பாங்களா?"

"படம் எடுக்கறவங்க எல்லாருமே இளைப்பாங்க அத்தை. பாத்துப் பாத்தே வயிறு நெறஞ்சிடும்." சிரித்தாள். உங்கள் பெண்ணுக்குச் சிரிப்பு மட்டும் குறையவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், நீங்கள் நிம்மதியாக இருங்கள். அவள் தட்டை நான் தினமும் பார்க்கிறேன். குவியலாகத்தான் போட்டுக்கொள்கிறாள், என் மகன் தட்டைவிட உயரமாக. மற்றவர்கள் எழுந்த பிறகும் அவள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மெதுவாகச் சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். சாப்பிடாதவள் இளைக்கலாம், இவள் சாப்பிடுகிறாளே.

ஆனால் நீங்கள் எதையோ மனதில் வைத்துக்கொண்டு என்னைச் சுற்றி வளைக்கிறீர்கள். தலையணையைக் கேட்க உங்களுக்கு எப்படித் தோன்றியது? பயம் இருந்தால் என்ன பயம் என்று எழுதுங்கள். எனக்கும் இப்போது சரியாகத் தூக்கம் இல்லை.

இப்படிக்கு,
சம்பந்தி

—

ஜூன் 20

சம்பந்தி அம்மா,

எழுதுகிறேன். இதை நான் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். கல்யாணத்தில் போட்டோவில் பார்த்திருப்பீர்கள், மாலை போட்ட படம். அவளுக்கு முதலில் ரொட்டி இறங்கவில்லை. டீயில் தோய்த்துத் தின்றாள். பிறகு தோய்த்த ரொட்டியும் போகவில்லை. சோற்றைக் குழைத்தாள். பிறகு கஞ்சியாக்கினாள். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர். கேட்டால் "கேஸு" என்பாள். அவளும் சிரிப்பாள். தலையணையை அடுக்கிக்கொண்டு சாய்ந்து கிடப்பாள். டாக்டரிடம் போனபோது உணவுக்குழாயில் புற்று என்றார்கள். அதன்பிறகு கஞ்சிக்கும் வழி இல்லாமல் போய்விட்டது. பசியோடு போனாள், சம்பந்தி அம்மா. நோவோடு போனாள் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குத் தெரியும், பசிதான்.

என் மகள் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பெரியம்மா மடியைவிட்டு இறங்க மாட்டாள். எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அவளுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் கேஸு என்கிறாள். நான் போனில் கேட்டால், "உனக்கு எப்பவும் பயந்தான்மா, இந்தப் படம் எப்படி இருக்கு சொல்லு" என்று அடுத்த படத்தை அனுப்புகிறாள். எல்லாப் படத்திலும் சாப்பாடு முழுசாக இருக்கிறது. ஒரு கடிகூட இல்லை.

தட்டு நிறைய இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்ப ஆசையாக இருக்கிறது. என் அக்காவும் நிறையத்தான் போட்டுக்கொள்வாள்.

தட்டில் இருப்பதைப் பார்க்காதீர்கள். அதிலிருந்து எவ்வளவு உள்ளே போகிறது என்று பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

சம்பந்தி

—

ஜூன் 26

சம்பந்தி,

உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

நேற்று மதியம் கீரை கடைந்திருந்தேன். எல்லாரும் உட்கார்ந்தோம். அவள் தட்டில் வழக்கம்போல் சோறு குவியலாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் கீரை போட்டுக்கோ" என்று கரண்டியோடு கையை நீட்டினேன். "வேணாம் அத்தை, வேணாம்" என்று தட்டை இழுத்தாள். நான் விடவில்லை. கரண்டி சோற்றுக்குள் இறங்கி எதிலோ இடித்தது.

டங்கென்று ஒரு சத்தம். சோற்றில் அப்படிச் சத்தம் வருமா?

சோற்றை ஒதுக்கினேன். அடியில் கிண்ணம், சம்பந்தி. கவிழ்த்து வைத்த கிண்ணம். படத்துக்கு வைப்பாளே, அதே சின்ன எவர்சில்வர் கிண்ணம். மேலே ஒரு பிடி சோறு போர்த்தியிருந்தாள். எங்களுக்காக. தினமும் என் எதிரில் உட்கார்ந்து, அந்த ஒரு பிடியை மட்டும் தண்ணீர் விட்டு விட்டு இறக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் தட்டின் உயரத்தைப் பார்த்துவிட்டு உங்களுக்கு நிம்மதியாக இருங்கள் என்று கடிதம் எழுதியிருக்கிறேன். எத்தனை பேர் தட்டைப் பார்த்தவள் நான்! எவன் மீதம் வைக்கிறான், எவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தான் என்று தட்டைப் பார்த்தே சொல்வேன்.

என் மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பேத்திதான் முதலில் பேசினாள். "அம்மா, இது படமா?"

பேத்தியை வெளியே விளையாட அனுப்பிவிட்டுக் கேட்டேன். "எத்தனை நாளா இந்தக் கூத்து?"

குனிந்து கிண்ணத்தைச் சோற்றால் திரும்ப மூடினாள்.

"உங்க பெரியம்மாவுக்கு வந்ததுன்னு பயப்படறியா?"

அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. ஏன் டாக்டர்கிட்ட போகல?"

"போனா பேர் சொல்லிடுவாங்க அத்தை. பேர் சொல்லாத வரைக்கும் அது கேஸுதான்."

என் மகன் மேஜையில் ஓங்கிக் குத்தினான். ஸ்டாண்டு சாய்ந்தது. அவன் இப்படிக் குத்தி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அடுத்த நிமிஷம் அவனே ஓடிப்போய் ஸ்டாண்டைப் பிடித்தான். பிறகு அதைப் பிடித்துக்கொண்டே அழுதான். அவள் அவனைப் பார்க்காமல் தட்டையே பார்த்துச் சொன்னாள். "வாயில இறங்காததைக் கண்ணாலயாவது பாக்கலாம்னுதான் எடுக்க ஆரம்பிச்சேன். அப்பறம் நல்லா வந்துச்சு. நல்லா வந்ததும் விட மனசு வரல."

அந்தக் கிண்ணத்தை உருவி மேஜையில் வைத்தேன்.

பேக்கரிப் படம் முடிந்ததும் டாக்டரிடம் வருகிறேன் என்றாள். முடியாது என்றேன். "நீயா வரலைன்னா உங்க அம்மாவை வரவழைப்பேன்" என்றேன். அதற்குத்தான் பயந்தாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தை, அவங்க தாங்க மாட்டாங்க. சத்தியம் பண்ணுங்க" என்று கையை நீட்டினாள். சொல்ல மாட்டேன் என்று அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

சம்பந்தி

—

ஜூலை 1

சம்பந்தி அம்மா,

கடிதம் வந்தது. படித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கோக்கச் சொன்னேன். கோத்த பிறகும் என்ன தைக்க உட்கார்ந்தேன் என்று ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை நேற்றோடு போய்விட்டது. என்ன சொன்னார்கள்? போன் அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. அடிக்காவிட்டாலும் பயமாக இருக்கிறது. அவள் இன்று காலை ஒரு படம் அனுப்பினாள், பழத் துண்டுகள். அழகாகத்தான் இருந்தது. நான் அதைப் பெரிதாக்கி, நிழல் விழுந்த மூலையெல்லாம் அவள் இருக்கிறாளா என்று தேடினேன். பழத்தை நான் பார்க்கவில்லை.

நான் வர வேண்டும். ஆனால் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள். யாராவது கூப்பிட்டால் வரலாம்.

சம்பந்தி

—

ஜூலை 5

சம்பந்தி,

வாயில் குழாய் விட்டு உள்ளே பார்த்தார்கள். குழாய் அடிவரைக்கும் போய் அங்கே நின்றுவிட்டதாம், லேசாக அழுத்தின பிறகுதான் வழிவிட்டதாம். உணவுக்குழாய் மேலே பை மாதிரி வீங்கியிருக்கிறதாம், தின்றதெல்லாம் அங்கேயே தேங்கி நிற்கிறதாம். சதைத் துண்டு ஒன்று கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். "அதுவா டாக்டர்?" என்று கேட்டேன். வேறு மாதிரியும் இருக்கலாம், முடிவு வராமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலிக்கிறது.

வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. என் மகன் அடுப்படிக்கு வந்து நிற்கிறான், எதற்கு வந்தான் என்று மறந்துவிட்டுப் போகிறான். நான் சாதத்தை அரைத்து, வடிகட்டி, ஆற்றிக் கொடுக்கிறேன். அதுவும் சில நாள் திரும்பி வருகிறது. அவள் மட்டும் ஜன்னலோரம் மேஜையைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறாள். முன்பெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்தக் காமிரா சொடுக்குகிற சத்தம் நின்றால்தான் பயம். நின்றால் எட்டிப் பார்க்கிறேன். தெர்மாகோல் அட்டையைப் பிடிக்க ஆள் இல்லை என்றாள், நான்தான் பிடிக்கிறேன். "இன்னும் கொஞ்சம் சாச்சுப் பிடிங்க அத்தை" என்று அதிகாரம் பண்ணுகிறாள். பண்ணட்டும்.

கூப்பிட்டால் வரலாம் என்று எழுதியிருந்தீர்கள். கூப்பிடுகிறேன். என் மூடியை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். அது வேறு. நீங்கள் இல்லாமல் அந்த முடிவுக் காகிதத்தைக் கேட்டு வாங்க எனக்குத் தைரியம் இல்லை. பாத்திரம் இங்கே நிறைய இருக்கிறது. எத்தனை தடவை வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளுங்கள்.

உடனே கிளம்புங்கள்.

சம்பந்தி

—

ஆகஸ்ட் 23

சம்பந்தி,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று என் மகன் சொன்னான். பஸ் ஏறுகிற அவசரத்தில் உங்கள் கண்ணாடிக் கூட்டை இங்கேயே விட்டுவிட்டீர்கள். என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதை வாங்க நீங்களே வர வேண்டும், தபாலில் அனுப்ப மாட்டேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் நாம் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. "புற்று இல்லை" என்று டாக்டர் சொன்ன பிறகும் என் கையை நீங்கள் விடவில்லையே. உணவுக்குழாயின் அடிவாய்ச் சதை இறுகிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது, உள்ளே குழாய் விட்டு அந்தச் சதையைக் கீறிவிட்டால் வழி கிடைக்கும் என்று அவர் படம் போட்டு விளக்கினார். எனக்கு ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. நீங்கள் மட்டும் தையல் பிரிக்கிற விஷயம் மாதிரி "எவ்வளவு நீளம் கீறுவீங்க?" என்று கேட்டீர்கள். என் கைச் சிவப்பு ஆற நாளாயிற்று. அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

கீறிவிட்ட பிறகு நீங்கள் இருந்தவரை தண்ணீரும் கூழும்தானே. நேற்று சோறு கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

குழைய வடித்தேன். கீரை கடைந்தேன். அவள் மேஜையை ஜன்னலோரத்திலிருந்து நடு அறைக்கு இழுத்துப் போட்டாள். ஸ்டாண்டு மூலையில் நின்றது. பேத்தி சோற்றைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் என்னவோ செய்தது.

உங்கள் பெண் தானே போட்டுக்கொண்டாள். பெரிய குவியல் இல்லை. சின்னதுதான். எல்லாரும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. எனக்கு நம்பிக்கை போதவில்லை, சம்பந்தி. எதிரே உட்கார்ந்து ஏமாந்தவள் நான்.

ஸ்பூனை எடுத்தேன்.

"அத்தை!" என்றாள்.

"சும்மா இரு" என்றேன். அவள் தட்டில், சோற்றின் நடுவில், நேராக இறக்கினேன். சோறு விலகிக்கொண்டே போனது. ஸ்பூன் தட்டில் போய் நின்றது. அடியில் ஒன்றும் இல்லை.

முதல் வாயை மென்றாள். முழுங்கினாள். தண்ணீர் டம்ளர் பக்கத்திலேயே இருந்தது, அவள் கை அதன் பக்கம் போகவில்லை. கையை மேலே தூக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எதற்கோ காத்திருந்தாள். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். பிறகு கண்ணைத் திறந்து, "உப்பு கம்மி அத்தை" என்றாள்.

நான் என் மருமகளிடம் சமையல் குறை கேட்டுச் சந்தோஷப்பட்டது இதுவே முதலும் கடைசியும்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். அவள் காமிராவில் நான் எடுத்தது. கோணலாக இருக்கிறது, ஓரத்தில் தெரிகிற கறுப்பு என் கட்டைவிரல். வெளிச்சம் சரியில்லை, தட்டு நடுவில் இல்லை என்று உங்கள் பெண் ஆயிரம் குறை சொன்னாள். தட்டு காலியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்களுக்காகத்தான் எடுத்தேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை உள்ளே பார்த்துக்கொள்ள வேண்டும், அசட்டையாக விட்டால் பின்னால் வேறு மாதிரி திரும்பலாம் என்று டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். அதை அவள் மறந்துவிடுவாள். என் மகனும் மறப்பான். நான் மறக்கிற ஆள் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

இன்று காலையிலும் ஸ்பூனை விட்டுப் பார்த்தேன். முறைத்தாள். முறைக்கட்டும். நாளைக்கும் குத்திப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி